கூப்பிட்ட குரலுக்கு

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு யாரும் மும்பைத் தெருவில் நாயின் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டாம். கூப்பிட்டதும் ஓடிவரப் பழக்குவது வேறொரு நாளுக்காக. லிஃப்ட் கதவு திறக்கும் நேரத்தில் கை நழுவும். சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசற்கதவைச் சாத்தாமல் போவார். கடற்காற்றில் துருவேறிய கொக்கி ஒருநாள் கழன்றுகொள்ளும். அன்று நாய்க்கும் ஓடும் டெம்போவுக்கும் நடுவே உங்கள் குரல் ஒன்றுதான் இருக்கும். சட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வளர்ப்பு விலங்கை அசட்டையாக விட்டு மற்றவருக்கு ஆபத்து வரவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

நாய் பழக்கும் புத்தகங்களில், முக்கியமாக வெளிநாட்டில் எழுதியவற்றில், வேலி போட்ட புல்வெளி ஒன்று தவறாமல் வரும். கவனத்தைக் கலைக்கும் எதுவும் இல்லாத இடத்தில் தொடங்குங்கள் என்பார்கள். தொடங்கலாம். ஆனால் அங்கேயே இருந்துவிட முடியாதே. மாட்டுங்காவில் படியிறங்கினால் பூக்கடை, வாழையிலைக் கட்டு, காய்கறிக் கழிவு. செம்பூரில் மீன்காரம்மாவின் கூடை, அதன் பின்னாலேயே நாலு பூனை. தாராவியைக் கேட்கவே வேண்டாம்: கோழிக்கடை, ஆடு, தோல் வாசம், குறுக்கே பாயும் பிள்ளைகள், சாக்கடை எலி. இவற்றில் எதை விலக்குவது? விலக்க முடியாததைக் கூலியாக்கிவிடலாம். நான் சொல்லவரும் வழி அதுதான். மற்றவை அதற்கான முன்வேலை.

எந்தச் சொல், எந்த விசில்

மும்பைத் தமிழ் வீட்டு நாய் ஒரு நாளில் எத்தனை மொழி கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "டேய் ராஜா, இங்க வாடா கண்ணு" என்பார் பாட்டி. பேரன் "கம், கம்" என்பான். வேலைக்கு வரும் பாய் "இக்டே யே", வாட்ச்மேன் "இதர் ஆ". நாய் கெட்டிக்காரப் பிராணி, நாலையும் கற்றுக்கொள்ளும். தொல்லை எங்கே என்றால், "வா" வீட்டில் நாள் முழுக்க ஒலிக்கிறது. சாப்பிட வா, கடைக்குப் போய்விட்டு வா, போனில் அப்புறமா வாங்க. இத்தனை தடவை கேட்டும் தனக்கு எதுவும் நடக்காத சொல்லுக்கு நாய் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

அதனால் வேறு எதற்கும் பயன்படாத ஒரு சொல்லை எடுங்கள். "ஓடியா" நல்ல சொல். நீட்டிக் கூவ வரும், அதட்டலாகச் சொல்ல வராது. வீட்டில் எல்லோருக்கும் அதே சொல், பாய்க்கும் வாட்ச்மேனுக்கும் உட்பட. குளிப்பாட்ட, நகம் வெட்ட, மாத்திரை கொடுக்க, திட்ட என்று எதற்கும் அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். குளிப்பாட்ட வேண்டுமானால் நீங்கள் எழுந்து போய் நாயை அழைத்து வாருங்கள். ஒரு சொல்லை ஒருமுறைதான் சொல்ல வேண்டும். "ஓடியா ஓடியா ஓடியா" என்று அடுக்கினால் மூன்றாவதுக்கு வந்தால் போதும் என்று நாய் புரிந்துகொள்ளும்.

கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் நம் குரல் ஹாரனில் கரைந்துபோகும், விசில் எடுபடும். ஆனால் இந்த ஊரில் விசிலுக்கா பஞ்சம்? வாட்ச்மேன் ஊதுவார், டிராஃபிக் போலீஸ் ஊதுவார், வீட்டுக்குள் குக்கர் ஊதும். உள்ளே உருண்டை உருளும் போலீஸ் விசிலை விட்டுவிட்டு, உருண்டை இல்லாத விசிலை வாங்குங்கள். மூன்று குட்டை ஊதல் என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் காதுக்குக் கேட்காத விசிலும் உண்டு. 1876இல் பிரான்சிஸ் கால்ட்டன் செய்துபார்த்ததன் வழிவந்தது. நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை போகும் என்பதால் அது வேலை செய்யும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஊதினோமா என்று ஊதியவருக்கே தெரியாத விசிலை வைத்து என்ன செய்வது?

தொடங்கும் முன் ஒரு சோதனை. வெள்ளை ரோமமுள்ள நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ராஜபாளையம் குட்டிகளில் இது தெரிந்த விஷயம். குட்டி தூங்கும்போது அது பார்க்காத பக்கத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் எதையும் போடாதீர்கள், அதிர்வு காலில் தெரிந்துவிடும். காது அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயையும் பழக்கலாம். விசிலுக்குப் பதில் கையசைப்பு, இரவில் டார்ச் வெளிச்சம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பிஸ்கட் வேண்டாம். வீட்டில் தினமும் கிடைக்கும் பிஸ்கட்டுக்காக எந்த நாயும் பூனையை விட்டுவிட்டு வராது. வேகவைத்த கோழி ஈரல், உப்பில்லாமல், சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக. ஈரலை நாள்தோறும் அள்ளிக் கொடுக்கக் கூடாது; வீட்டுப் பயிற்சிக்குக் கோழி நெஞ்சுக்கறியோ அவித்த முட்டையோ போதும், ஈரலைத் தெருவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறி ஏறாத வீடுகள் மாட்டுங்காவில் நிறைய. அங்கே பனீர் நன்றாக வேலை செய்கிறது, வேகவைத்த சர்க்கரைவள்ளியும். நெய் ரோஸ்ட் முறுகல் துண்டுக்கு உயிரைக் கொடுக்கும் நாய்களும் உண்டு. தவறு சொல்ல மாட்டேன், ஆனால் சட்னியும் சாம்பாரும் தொடாத துண்டாக இருக்கட்டும்: வெங்காயம் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். உலர் திராட்சை இன்னும் மோசம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோவில் பிரசாதச் சர்க்கரைப் பொங்கலில் திராட்சை இருக்கும். பாசத்தில் ஊட்டிவிடாதீர்கள்.

பத்து மீட்டர் பருத்திக் கயிறு ஒன்று வாங்குங்கள். நைலான் கையை அறுக்கும். அதைக் கழுத்து பெல்ட்டில் மாட்டாமல் மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸில் மாட்டுங்கள். ஓடிப்போய் கயிற்றின் முனையில் சுண்டினால் கழுத்துக்குக் கேடு.

அதிர்ச்சி கொடுக்கும் மின்பட்டையை வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே எடுத்துக்கொண்டு, சங்கிலி இல்லாதபோது சொல்பேச்சு கேட்காத 63 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான முடிவு: பரிசு கொடுத்துப் பழக்கிய குழு மின்பட்டைக் குழுவுக்குக் குறையவில்லை, சில அளவுகளில் மேலாகவே இருந்தது. வலியும் மிச்சம், பணமும் மிச்சம்.

வீட்டிலிருந்து தெருவுக்கு

முதல் வாரம் ஹாலைவிட்டு வெளியே போக வேண்டாம். நாய் உங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும்போது "ஓடியா" என்று சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள். நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சொல்லுக்குப் பின் கறி என்ற முடிச்சு விழுந்தால் போதும். பிறகு அடுத்த அறையிலிருந்து கூப்பிடுங்கள். பிறகு இருவர் இரண்டு அறையில், மாற்றி மாற்றி. ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை, அதற்கு மேல் சலிக்கும். நாய் வந்ததும் முதலில் பெல்ட்டைப் பிடியுங்கள், அப்புறம் கறி. எதிரில் வந்து நின்றுவிட்டுக் கை நீட்டியதும் ஒரு முழம் பின்வாங்கும் நாய் தெருவில் உதவாது.

அடுத்து பில்டிங் காரிடார், பிறகு ஸ்டில்ட் பார்க்கிங். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு போக்கிடமும் இல்லை. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அதற்கான தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாராவிச் சந்துகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. மூன்றடிச் சந்தில் பத்து மீட்டர் கயிறு விட்டால் நாலு பேர் தடுக்கி விழுவார்கள். அங்கே சந்துதான் காரிடார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள், தண்ணீர் பிடிக்கும் கூட்டம் வருமுன், அண்ணன் ஒரு முனையில், தங்கை மறுமுனையில். குட்டைக் கயிறு நாயின் முதுகோடு இழுபடட்டும். அண்ணன் கூப்பிட்டால் அங்கே கறி, தங்கை கூப்பிட்டால் இங்கே. இடையில் திறந்திருக்கும் ஒவ்வொரு கதவும் அதற்கு ஒரு சோதனை, உங்களுக்கோ இலவசப் பாடம்.

தெருவுக்கு வரும்போது ஒரு யோசனை. மார்க்கெட் என்பது ஒன்றில்லை, மூன்று: வாசனை, சத்தம், அசைவு. மூன்றையும் ஒரே நாளில் நாயின் தலையில் கொட்டாதீர்கள். இரவு பத்தரைக்கு மேல், கடைகள் மூடியபின், மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் நடத்திப் பாருங்கள். அசைவும் சத்தமும் போய் வாசனை மட்டும் மிஞ்சியிருக்கும். அது பழகியதும் கடை திறக்கும் நேரம், எதிர் ஃபுட்பாத்திலிருந்து. கடைசியில்தான் கூட்டத்துக்குள். நண்பகலில் கடைத்தெரு ஓய்ந்திருக்கிறதே என்று இறங்காதீர்கள். புறங்கையைத் தார்ரோட்டில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

கொஞ்சம் விசாலம் தேடுபவர்கள் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போகலாம். மாநகராட்சித் தோட்டங்கள் பலவற்றில் நாய்க்கு அனுமதி இல்லை, வாசற்பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள நிழல் ரோடுகளே போதும். பார்சி காலனி அடுத்தே இருப்பதால் அங்கே நாயோடு நடப்பவரை முறைப்பவர் குறைவு. 1832 ஜூனில் தெருநாய்களைக் கொல்ல ஆள் விட்ட பம்பாய் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிய சமூகம் அல்லவா. செம்பூரில் உள்ரோடுகள் நல்லவை, ஆனால் சேடா நகரில் இருப்பவர்கள் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேக்கு முதுகு காட்டும் பக்கமாகவே பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படிக்குப் போகலாமா என்பதற்கு ஒரே அளவுகோல்: பத்துக்கு எட்டு தடவை முதல் அழைப்பிலேயே வர வேண்டும். வரவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். நாய்க்கு எட்டு மாத வயதாகும்போது எல்லாம் மறந்துபோனதுபோல் இருக்கும், மனம் தளர வேண்டாம். 2020இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழு இதைச் சோதித்தது. ஐந்து மாதத்தில் சொன்னபடி கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் வளர்த்தவர் பேச்சைக் கேட்கவில்லை. வேற்றாள் சொன்னால் கேட்டன. பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

தெருவே கூலி

இனி முக்கியமான பகுதி. நாய் ஒரு கம்பத்தை முகர்கிறது. வாழ்க்கையில் அதைவிடப் பெரிய காரியம் அப்போது அதற்கு இல்லை. நாலடி தள்ளி நின்று, கயிறு தளர்ந்திருக்க, "ஓடியா." வந்ததும் பெல்ட்டைப் பிடித்து, ஒரு துண்டு கொடுத்து, "போ" என்று அதே கம்பத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வராத நாயைப் பிடிவாதக்காரன் என்கிறோம். அதன் பக்கம் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கூப்பிட்டுப் போனால் சங்கிலி, சங்கிலி என்றால் வீடு, வீடு என்றால் கம்பம் போயிற்று. இத்தனை நாள் அந்தக் கணக்கை நாமே சொல்லிக்கொடுத்தோம். பத்து தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை விட்ட இடத்துக்கே அனுப்பினால் கணக்கு மாறும். வந்தால் கறியும் உண்டு, கம்பமும் உண்டு.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: ஓர் உயிர் அதிகம் விரும்பும் செயலைக் குறைவாக விரும்பும் செயலுக்குப் பின்னால் கட்டினால், குறைவாக விரும்பும் அந்தச் செயல் வலுவடையும். பொரியலை முடித்தால்தான் பாயசம் என்று பந்தியில் பிள்ளைகளை மடக்கும் பாட்டி செய்வதும் அதுதான்.

இதில் சறுக்குவது தூரத்தில். ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு தூரம் உண்டு. அதற்குள் போய்விட்டால் நாய்க்குக் காது கேட்காது. வாய் மூடிக்கொள்ளும், காது இரண்டும் முன்னே குவியும், உடம்பு முன்னங்காலில் சாயும். அந்த நிலையில் கூப்பிட்டால் சொல்தான் வீணாகும். வராது என்று தெரிந்தால் கூப்பிடாதீர்கள். பேசாமல் கயிற்றோடு பின்வாங்கி, ஒரு காதாவது உங்கள் பக்கம் திரும்பும் தூரத்துக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள். கோழிக்கடைக்கு அது முப்பது மீட்டராக இருக்கலாம், காக்கைக்கு ஐந்தாக இருக்கலாம். நாள் போகப்போகக் குறையும்.

எல்லாவற்றையும் கூலியாகக் கொடுக்க முடியாது. கோழி எலும்பு, சாக்கடைத் தண்ணீர், எலி மருந்து வைத்த மூலை, பூனை. பூனைக்காக ஓடிய நாய் திரும்பி வந்தால் "போ, பூனையைத் துரத்து" என்றா சொல்வது? அதற்குத் துரத்தல்தான் வேண்டும், பூனை வேண்டுமென்பதில்லை. பழைய டவலை முடிச்சுப்போட்டுக் கயிற்றில் கட்டி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நாய் திரும்பியதும் எதிர்ப்பக்கம் ஓடி அதைத் தரையில் இழுங்கள், துரத்திப் பிடிக்கட்டும். கறியைத் துப்பிவிட்டுத் துணிக்கு வரும் நாய்கள் உண்டு. தெருநாய்த் தோழனோடு விளையாட்டு என்றால், இருவரும் சாதுவாக இருந்தால், தாராளமாகக் கூலியாகக் கொடுக்கலாம்: கூப்பிடு, பிடி, கொடு, மறுபடி தோழனிடம் அனுப்பு.

சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்கு

விருதுநகர், தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியிலும் செம்பூரிலும் ஏராளம். ஊருக்குப் போனவர் திரும்பும்போது சிப்பிப்பாறையோ கன்னியோ கொண்டுவருவது நடக்கிறது. முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்கள். கண்ணால் பார்த்துத் துரத்துபவை. துரத்தத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்துவது ஏறக்குறைய முடியாது. ஓடத் தொடங்குமுன், தலை நிமிர்ந்து கண் நிலைகுத்தும் அந்த ஒரு கணத்தில் கூப்பிட்டால்தான் உண்டு. அந்தக் கணத்தைப் பிடிக்க நீங்களும் போனைப் பையில் போட்டுவிட்டு நடக்க வேண்டும். இவற்றின் தலை கழுத்தைவிடப் பெரிதில்லை என்பதால் சாதாரண பெல்ட் பின்னோக்கிக் கழன்றுவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட் வாங்குங்கள். வேலியில்லாத இடத்தில் சிப்பிப்பாறையை எந்தப் பயிற்சிக்குப் பின்னும் அவிழ்த்துவிடச் சொல்ல மாட்டேன்.

சந்து நாய்

யாருடையதும் இல்லாமல் எல்லோருடையதுமாக இருக்கும் சந்து நாய்க்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம், காரியமும் இருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி போட வருபவர்கள் வலையை எடுத்ததும் சந்து காலியாகிவிடும். தினமும் சோறு வைப்பவர் அதே விசிலை ஊதி, அதே இடத்தில் வைத்து, முதுகைத் தொட்டுப் பழக்கியிருந்தால் ஊசி அரை நிமிட வேலை. 2023இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் சிறு வெட்டு அதற்கான அடையாளம். வெட்டு இல்லாத நாய் எது என்று பார்த்து வைப்பதும் சோறு வைப்பவருக்கே எளிது.

பண்டிகை நாட்கள்

தீபாவளி, கணபதி ஊர்வலம், தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டும் பொங்கல். இந்த நாட்களில் பயிற்சி கிடையாது. பயந்த நாய்க்குப் பசியே எடுக்காது, ஈரலை நீட்டினாலும் பார்க்காது. நம்மவர் வீடுகளில் தீபாவளி வெடி விடியுமுன்பே தொடங்கிவிடும் என்பதால், நாயை முதல் நாள் இரவு பதினொன்றுக்குள் நடத்திவிட்டு வந்து உள்ளறையில் மின்விசிறிச் சத்தத்தோடு படுக்க வையுங்கள். வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஹார்னஸில் ஒரு கயிறு, பெல்ட்டில் ஒரு கயிறு.

தப்பி ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள். நீங்கள் துரத்தினால் நாய்க்கு அது பந்தயம், ரோட்டுப் பக்கமே ஓடும். ஒருமுறை கூப்பிட்டுவிட்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். உதவிக்கு ஓடிவரும் பிள்ளைகளை நிறுத்தி வண்டிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அருகே வந்தும் பிடிபடவில்லை என்றால் பக்கவாட்டில் திரும்பிக் குந்திக்கொண்டு, தரையில் எதையோ தேடுவதுபோல் விரலால் கிளறுங்கள். வண்டியில் போக ஆசைப்படும் நாயாக இருந்தால், மாட்டுங்காவில் ஒரு டாக்ஸியின் கதவைத் திறந்து வையுங்கள், செம்பூரில் ஒரு ரிக்‌ஷாவை நிறுத்துங்கள். பெல்ட்டில் போன் நம்பர் பொறித்த தகடும் மாநகராட்சி உரிமமும் முன்பே இருந்தால் தேடல் சுருங்கும். பூக்காரர், வாட்ச்மேன், டீக்கடைக்காரர் மூவரிடமும் படத்தைக் காட்டுங்கள். அந்தத் தெருவில் நடப்பது அவர்களுக்கே முதலில் தெரியும்.

எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் அடியோ திட்டோ வேண்டாம். வந்ததற்குக் கூலி கொடுங்கள், பையில் இருப்பது அத்தனையும். அடுத்த இரண்டு நாள் பயிற்சிக்கு விடுமுறை. மூன்றாம் நாள் மறுபடி ஹாலிலிருந்து, ஓரடி தூரத்திலிருந்து, ஈரலோடு.